கொங்குப் பக்கம் ஏ.ஏ. கூட்டங்கள்: எது நமக்குச் சரிப்பட்டு வரும்?

குடியை விட நினைக்கிறவர்கள், "ஏ.ஏ. கூட்டம்னா என்னங்க, எங்கே போறது" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நான் போய் உட்கார்ந்த கூட்டங்களை வைத்து எழுதுகிறேன். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் அனுபவத்தைப் பேசிக்கொள்கிற அமைப்பு. எந்தக் கட்டிடம், எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன், வருகிறவர் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பதுதான் ஏ.ஏ.வின் அடிப்படையே. நான் குடியை விட்டு நிற்பது இந்தக் கூட்டங்களால்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டணம் கிடையாது. ஆதார், விண்ணப்பம் எதுவும் கேட்பதில்லை, குடியை விடணும் என்ற ஆசை இருந்தால் போதும். கூட்டம் முடியும்போது ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர் போடுவார், வாடகையும் டீயும் அதில்தான் நடக்கிறது. வெளியாள் நன்கொடை கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். அதனால் ஏ.ஏ. என்று பெயர் சொல்லி யாராவது மாதம் இவ்வளவு கட்டுங்கள் என்றால், அது வேறு எதுவோ, எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். பெரும்பாலானவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்றுதான் தேடுகிறார்கள். நான் சொல்வது, உங்களுக்குக் கை பரபரக்கிற நேரம் எதுவோ அந்த நேரத்தில் நடக்கிற கூட்டத்தைத் தேடுங்கள். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குத்தான் அடைக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வருகிறது, அந்த நேரத்தைத் தாண்டுவதுதான் பெரும்பாடு, அவருக்கு ஞாயிறு காலைக் கூட்டம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் பாதிப் பலன்தான். சனிக்கிழமை ஏழு மணிக்கு ஒரு அறையில் பத்துப் பேரோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டு நேராக வீட்டுக்குப் போனால் அன்றைய நாள் கழிந்தது. இன்று ஒரு நாள் மட்டும் என்று ஏ.ஏ.வில் சொல்வதே இதைத்தான்.

அடுத்த பயம் சொந்தபந்தம். நம்ம பக்கம் நாலு ஊர் தள்ளிப் போனாலும் மாமன் மச்சான் உறவு வந்து நிற்கும், பொண்ணுக்கு வரன் பார்க்கிற வீடு என்றால் இன்னும் பயம். கோபியில் இருக்கிறவர் ஈரோட்டுக்குப் போவதும், பல்லடத்துக்காரர் கோவைக்குப் போவதும் தப்பே இல்லை, கொஞ்ச நாள் கழித்துத் தைரியம் வந்ததும் உள்ளூர்க் கூட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம். ஒரு கூட்டத்தில் கம்பெனி முதலாளியும் அவரிடமே வேலை செய்கிற கட்டிங் மாஸ்டரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசியதைக் கேட்டேன். வெளியே போனதும் ரெண்டு பேரும் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

சர்ச் வளாகத்தில் கூட்டம் நடந்தால் மதம் மாத்திருவாங்களோ என்று சிலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அது வெறும் வாடகை இடம்தான். கடவுள் என்று ஏ.ஏ.வில் சொல்வது அவரவருக்குப் புரிந்த கடவுள், ஒருவருக்கு அவிநாசியப்பர், இன்னொருவருக்கு அண்ணமார் சாமி, சிலருக்கு அந்தக் குழுவே.

எல்லாக் கூட்டமும் ஒரே தரம் இல்லை. ஒன்றில் வாராவாரம் அதே மூணு பேர்தான் பேசினார்கள், அதுவும் எந்தச் சரக்கு, எவ்வளவு, தொட்டுக்க என்ன என்று விலாவாரியாக, புதிதாக வந்த பையன் எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன். இன்னொன்றில் பாதிப் பேச்சு இங்கிலீஷில் போனது. அங்கெல்லாம் சங்கடப்பட்டு உட்கார வேண்டியதில்லை. எனக்குப் பிடித்த கூட்டத்தில், "வாங்க கண்ணு, பேசோணும்னு இல்லை, சும்மா உக்காந்து கேளுங்க" என்று ஒரு பெரியவர் முதல் நாளே சொன்னார். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே புத்தி சொல்வதில்லை.

பேசினா குடி போயிருமா என்று வீட்டில் கேட்பார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசுகிற காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, ஏ.ஏ.வில் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முறையான சிகிச்சை, குடிக்காமல் தொடர்ந்து இருக்க வைப்பதில் மற்றச் சிகிச்சைகளைவிட மேல் என்றே சொன்னது. ஆனால் இது வைத்தியத்துக்கு மாற்று இல்லை. தினமும் காலையிலிருந்தே குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் ரெண்டு மூணு நாளைக்குள் வலிப்பு, பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் கூட்டம். போனில் கேட்க மனநல உதவி எண் 14416 அல்லது போதை மீட்பு உதவி எண் 14446, ரெண்டுக்கும் காசு இல்லை. குடியை நிறுத்தும் மாத்திரையைக் குடிக்கிறவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் ஆளே போய்விடலாம்.

குறை என்றால் பெண்களுக்குத்தான். நான் போன அறைகளில் குடியை விட வந்த பெண் யாரையும் பார்க்கவில்லை, அத்தனை ஆண்கள் நடுவில் நம்ம ஊர்ப் பெண் எப்படித் தனியாக வந்து உட்காருவார்? அவர்களுக்கு இப்போதைக்கு ஆன்லைன் கூட்டம்தான் கை கொடுக்கிறது, போனில் முகம் காட்டாமலே சேரலாம். குடிக்கிறவருடைய மனைவிக்கும் அம்மாவுக்கும் அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. வீட்டுக்காரர் கூட்டத்துக்கு வர மாட்டேன் என்று அடம் பிடித்தாலும் அவர்கள் மட்டும் போகலாம், அவர் சம்மதம் தேவையே இல்லை.