ஜோட்டேரோ: கலைக் கல்லூரி ஆய்வுக்கு எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

கலைக் கல்லூரியில் ஆய்வுக்கென்று தனி நேரம் யாருக்கும் வாய்ப்பதில்லை. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே அரை மணி, விடைத்தாள் திருத்தி முடித்த பின் ஒரு மாலை, விடுமுறையில் இரண்டு மாணவர்களோடு சில வாரங்கள் என்று துண்டு துண்டாகத்தான் வேலை நகரும். விட்ட இடத்தை ஒரு மாதம் கழித்தும் எட்டிப் பிடிக்க வேண்டும். படித்த நூல், கட்டுரைகளின் விவரங்களைச் சேர்த்துவைத்து மேற்கோளும் நூற்பட்டியலும் போட்டுத் தரும் மேற்கோள் மேலாண்மை மென்பொருளை உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. ஜோட்டேரோ இதில் பெரும்பாலும் தேறிவிடுகிறது. சறுக்கும் இடங்களைத் தோண்டினால், பாதிக்கு மேல் பதிவை, அதாவது ஒரு நூலின் அல்லது கட்டுரையின் விவரத்தை, உள்ளே போட்ட அன்று யாரும் சரிபார்க்காததால் வந்தவை.

2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாறு, புதிய ஊடக மையத்தில் பிறந்த மென்பொருள் இது. ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியாகத் தொடங்கி, இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தனியாக ஓடுகிறது. இலவசம், திறமூலம். போட்டி மென்பொருளான எண்ட்நோட்டைக் கையில் வைத்திருந்த தாம்சன் ராய்ட்டர்ஸ் 2008இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்கே போட்டது. அடுத்த ஆண்டே அது தள்ளுபடியானது. வரலாற்றுக்காரர்கள் கட்டிய கருவி என்பது பதிவைத் திறந்தாலே தெரியும். கடிதம், கையெழுத்துப் பிரதி, நேர்காணல், வரைபடம், கலைப்படைப்பு என்று தனித்தனி வகைகள் உண்டு. காப்பகத்தின் பெயருக்கு ஒரு புலம் (விவரம் நிரப்பும் கட்டம்), காப்பகத்துக்குள் கோப்பு இருக்கும் இடத்துக்கு இன்னொரு புலம். ஆய்விதழ்க் கட்டுரையை மட்டும் மனத்தில் வைத்துக் கட்டிய கருவிகளில் 1920களின் ஒரு அரசாணையைச் சொருக இடம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பதிவு உள்ளே வரும் வழிகள் நான்கு. உலாவியில் சேர்த்துக்கொள்ளும் கனெக்டர் நீட்சியின் பொத்தானை அழுத்துவது, மந்திரக்கோல் சின்னத்தில் ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) அல்லது டிஓஐ (கட்டுரையின் அடையாள எண்) எண்ணை ஒட்டுவது, பிடிஎஃப் கோப்பை இழுத்துப் போடுவது, கையால் அடிப்பது. எது எப்போது என்பதில்தான் சூட்சுமம். கட்டுரைக்கு டிஓஐ தான் நம்பகமானது. கூகுள் ஸ்காலர் பட்டியலிலிருந்து நேரடியாகச் சேமித்தால் முதற்பெயர்கள் வெறும் எழுத்தாகச் சுருங்கி, டிஓஐ இல்லாமல் வந்து சேரும். ஒரு சொடுக்கு கூடுதலானாலும் பதிப்பகத்தின் பக்கத்துக்கே போய்ச் சேமிப்பது நல்லது. வளாகத்துக்கு வெளியே நூலகக் கணக்கில் நுழையாமல் பொத்தானை அழுத்தினால் விவரம் வரும், பிடிஎஃப் வராமல் போகலாம். பிறகு உள்நுழைந்து அதே பதிவுக்கு முழுப் பிரதியைத் தேடச் சொல்லலாம். இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் திறந்த அணுக்கப் பிரதி எங்காவது இருந்தாலும், அவற்றைத் தேடித் தரும் அன்பேவால் சேவை வழியாகக் கொண்டுவந்துவிடும்.

தொகுப்பு நூல்தான் மானுடவியல், இலக்கியத் துறைகளின் தீராத தலைவலி. ஐஎஸ்பிஎன் எண் முழு நூலைத்தான் கொண்டுவரும். தேவைப்படுவதோ அதில் ஓர் இயல். நூலின் பதிவில் வலச்சொடுக்கு செய்து இயல் பதிவை உருவாக்கச் சொன்னால் நூலின் விவரங்கள் அப்படியே புதிய பதிவுக்கு வந்துவிடும். இயலின் தலைப்பு, ஆசிரியர், பக்க எண்கள் மூன்றை மட்டும் நிரப்பினால் போதும். நூலக அட்டவணைகள் பதிப்பாசிரியரையும் மொழிபெயர்ப்பாளரையும் பல நேரம் 'கான்ட்ரிபியூட்டர்' என்ற பொதுப்பெயரில் தள்ளிவிடும். அப்படியே விட்டால் மேற்கோளில் அந்தப் பெயரே அச்சாகாது. மொழிபெயர்ப்பாளரின் பெயர் ஏன் காணவில்லை என்று மதிப்பாய்வாளர் கேட்கும்போது காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

பெயர்களில் இன்னொரு பொறி. ஜோட்டேரோ பெயரைக் குடும்பப்பெயர், முதற்பெயர் என்று இரண்டாகப் பிளக்கிறது. தலைப்பெழுத்தோடு எழுதும் தமிழ்ப் பெயர்களுக்கு இது சரிப்பட்டு வராது. தலைப்பெழுத்து விரிந்து தந்தையின் பெயராகி, அதுவே குடும்பப்பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டால், கட்டுரைக்குள் எழுதியவரின் பெயருக்குப் பதில் அவருடைய தந்தையின் பெயர் அச்சாகும். எழுதியவரை அழைக்கும் பெயரை முதலில் உள்ள குடும்பப்பெயர்க் கட்டத்திலும், தலைப்பெழுத்தை இரண்டாவதிலும் போடுங்கள். நிறுவனம், பழம்புலவர் போன்ற ஒற்றைப் பெயர்களுக்குப் பெயரின் வலப்பக்கம் உள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் 'ஆய்வு மையம், வரலாற்று' என்பது போன்ற விபரீதங்கள் நூற்பட்டியலில் முளைக்கும்.

ஆங்கிலத் தலைப்புகளை முதல் சொல்லிலும் சிறப்புப் பெயர்களிலும் மட்டும் பெரிய எழுத்து வைத்துச் சேமிக்க வேண்டும். சிகாகோ போன்ற மேற்கோள் பாணிகள் தேவையான இடத்தில் தாமே பெரிதாக்கிக்கொள்ளும். எதிர்த்திசையில் அவற்றால் போக முடியாது. தலைப்புப் புலத்தில் வலச்சொடுக்கு செய்தால் இதற்கான மாற்றம் இருக்கிறது. ரோமன் எழுத்தில் எழுதிய தமிழ்த் தலைப்புக்கு மொழிப் புலத்தில் தமிழுக்கான குறியைப் போடுவதும் அவசியம். அது காலியாக இருந்தால் ஆங்கிலம் என்று எண்ணி ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக்கிவிடும்.

காப்பகத்தில் எடுத்த படங்களை நூற்றுக்கணக்கில் அப்படியே ஜோட்டேரோவில் கொட்டுவது வீண் வேலை. ஒரு கோப்புக்கு ஒரு பதிவு, அந்தக் கோப்பின் படங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பிடிஎஃப் என்று வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். படத்துக்குப் படம் விவரம் எழுத வேண்டுமென்றால் அதே மையம் உருவாக்கிய, ஆய்வுப் படங்களை ஒழுங்குபடுத்தும் ட்ரோப்பி மென்பொருள்தான் ஏற்றது. இரண்டும் இலவசம், போட்டியும் இல்லை.

2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பிடிஎஃப் உள்ளேயே திறக்கிறது. 2024இன் ஏழாம் பதிப்பு இபப் மின்னூல் கோப்புகளையும் இணையப் பக்கப் பிரதிகளையும் சேர்த்துக்கொண்டது. கோடிட்ட வரிகளை ஒரே சொடுக்கில் குறிப்பாக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பக்க எண்ணோடு மேற்கோளும் ஒட்டிக்கொண்டு வரும். துண்டு நேரத்தில் படிப்பவருக்கு இந்த ஒரு வசதிக்காகவே இதைப் பரிந்துரைக்கலாம். ஆனால் பக்க எண்ணைக் கண்மூடி நம்பக் கூடாது. ஆய்விதழில் 213ஆம் பக்கத்தில் தொடங்கும் கட்டுரையின் பிடிஎஃப் சில நேரம் 1 என்றே எண்ணத் தொடங்கும். முதல் குறிப்பு போட்டதுமே அதன் பக்க எண்ணை அச்சில் உள்ளதோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் குறிப்பின் மெனுவில் பக்க எண்ணைத் திருத்தச் சொல்லுங்கள். பின்வரும் பக்கங்களுக்கும் சேர்த்தே திருத்திக்கொள்ளலாம். கோடுகள் தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன, பிடிஎஃப் கோப்புக்குள் இல்லை. கோப்பை நேரடியாக மின்னஞ்சலில் அனுப்பினால் எதிராளிக்கு வெறும் பக்கம்தான் தெரியும். குறிப்புகளோடு ஏற்றுமதி செய்து அனுப்ப வேண்டும். ஓசிஆர் செய்யாத, அதாவது படத்திலுள்ள எழுத்தைக் கணினி படிக்கும் எழுத்தாக மாற்றாத, ஸ்கேன் நூல்களில் வரியைக் கோடிட முடியாது, கட்டம் போட்டுப் படமாகத்தான் எடுக்க முடியும். டெசராக்ட் போன்ற இலவசக் கருவி தமிழ் எழுத்தையும் படிக்கும். முதலில் அதன் வழியாக ஓட்டிவிட்டு உள்ளே போடலாம்.

இனி எழுதும் மேசை. வேர்ட், லிப்ரெ ஆஃபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றுக்கும் நீட்சி உண்டு. வேர்டில்தான் உறுதியாக நிற்கிறது. மேற்கோளின் அடைப்புக்குள் கையால் எதையும் திருத்தாதீர்கள், அடுத்த புதுப்பித்தலில் காணாமல் போகலாம். மேற்கோள் போடும் பெட்டியில் நூலின் பெயர் தாங்கிய குமிழைச் சொடுக்கினால் பக்க எண், முன்சொல், பின்சொல், ஆசிரியர் பெயரை நீக்குதல் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. மாணவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று: மேற்கோள் காட்டும் பக்கத்தைப் பதிவிலுள்ள பக்கப் புலத்தில் எழுதுவது. அது கட்டுரை இதழில் எங்கிருந்து எங்குவரை என்பதற்கான இடம். நீண்ட ஆய்வேட்டில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் வேர்ட் திணறினால், ஆவண விருப்பங்களில் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

இரண்டு நோய்க்குறிகளை அடையாளம் தெரிந்துவைத்திருந்தால் கடைசி இரவின் பதற்றம் பாதி குறையும். அடைப்புக்குள் ஒருவர் பெயருக்கு மட்டும் திடீரென்று தலைப்பெழுத்து முளைத்தால், அவர் பெயர் இரண்டு பதிவுகளில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. மென்பொருள் அவரை இரண்டு ஆளாக எண்ணிப் பிரித்துக் காட்டுகிறது. ஒரே நூல் 2014ஏ, 2014பி என்று இரண்டாக வந்தால், அதே நூலின் இரண்டு பதிவுகளிலிருந்து மேற்கோள் எடுக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் ஒன்று சொந்த நூலகத்தில் இருப்பது, மற்றது பலர் சேர்ந்து பயன்படுத்தும் குழு நூலகத்தில் இருப்பது. இவை இரண்டும் தனித்தனிப் பிரதிகள். ஒன்றில் திருத்தினால் மற்றதில் திருத்தமாகாது. ஆகவே ஒரு கட்டுரைக்கு ஒரே நூலகம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

அந்தக் குழு நூலகம்தான் மாணவர்களோடு ஆய்வு செய்யும் கல்லூரிகளுக்கு இதன் பெரிய வரம். யார் எந்த வரியைக் கோடிட்டார் என்று பெயரோடு தெரியும். மாணவர் தவறி எதையாவது அழித்தால் குழுவின் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கலாம், அதை யாரும் காலி செய்யாதவரை. குழுவைத் தனிப்பட்டதாகவே வையுங்கள்; பதிப்புரிமை உள்ள பிடிஎஃப்களைப் பொதுவில் வைப்பது வம்பு. குழுவின் கோப்புகள் எல்லாம் குழுவைத் தொடங்கியவரின் இடக் கணக்கில் ஏறும் என்பதால், ஆசிரியரே தொடங்குவது முறை. மாணவர்கள் கல்லூரி மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினால் பட்டம் வாங்கியதும் முகவரியும் போய்விடும். சொந்த மின்னஞ்சல் கொடுக்கச் சொல்லுங்கள்.

கோப்புகளை வைக்க ஜோட்டேரோவின் சர்வரில் கிடைக்கும் இலவச இடம் 300 எம்பி. சாதாரண ஆய்விதழ்க் கட்டுரைகள் நிறையவே கொள்ளும். ஸ்கேன் செய்த நூல்கள் நாலைந்திலேயே தீர்ந்துவிடும். தீர்ந்தாலும் பதிவுகளும் குறிப்புகளும் உங்கள் கணினிகளுக்கிடையே தொடர்ந்து ஒத்திசையும், கோப்புகள் மட்டும் நின்றுபோகும். வெப்டாவ் முறையில் இயங்கும் வேறொரு இணையச் சேமிப்பிடம் கையில் இருந்தால் சொந்த நூலகத்தின் கோப்புகளை அங்கே அனுப்பலாம், குழுவுக்கு அது செல்லாது. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஜோட்டேரோ கோப்புறையையே டிராப்பாக்ஸிலோ கூகுள் டிரைவிலோ வைப்பதை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் செய்யாதீர்கள். தரவுத்தளக் கோப்பு பாதி எழுதிய நிலையில் மேலேறி, சிதைந்துபோகும். ஒத்திசைவு காப்புப் பிரதி ஆகாது, இங்கே அழித்தது அங்கேயும் அழியும். மென்பொருளை மூடிவிட்டு முழுக் கோப்புறையை வெளி வட்டில் அவ்வப்போது நகலெடுங்கள்.

உண்மையான குறை என்று சொல்ல வேண்டியவை நூற்பட்டியலில் இருக்கின்றன. முதன்மைச் சான்றுகள், துணைச் சான்றுகள் என்று பட்டியலைப் பிரிக்க வழியே இல்லை. வரலாற்றுத் துறையில் பிறந்த கருவிக்கு இது கொஞ்சம் வெட்கம்தான். தமிழும் ஆங்கிலமும் கலந்த பட்டியலில், ஆவணத்தின் மொழி ஆங்கிலம் என்றால் தமிழ் நூல்கள் எல்லாம் கடைசியில் போய் நிற்கும். இரண்டு ஆசிரியர் இருந்தால் நடுவே ஆங்கில இணைப்புச் சொல்லும் வரும். ஒரு ஆவணத்துக்கு ஒரு மொழிதான். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: ஆவணத்தை முழுதாக முடித்து, நகல் எடுத்து, நகலில் மேற்கோள் இணைப்புகளைத் துண்டித்துவிட்டுக் கையால் பிரிப்பது. துண்டித்ததை மறுபடி இணைக்க முடியாது. மதிப்பாய்வு முடிந்து திருத்தம் கேட்டு வரும்போது மூலப் பிரதி இல்லாவிட்டால் எல்லா மேற்கோளையும் முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

கணிதம், பொருளியல் துறைகளில் வேர்டுக்குப் பதில் லாடெக் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில் எழுதுவோர் பெட்டர் பிப்டெக் நீட்சியைச் சேர்த்துக்கொண்டால், அங்கே ஒவ்வொரு பதிவையும் அழைக்கும் மேற்கோள் சாவிகள் நிலையாக இருக்கும். ஜோட்டேரோவின் பெரிய பதிப்பு மாறும்போது நீட்சிகள் பின்தங்குவது வழக்கம். ஆறிலிருந்து ஏழுக்குப் போனபோது பல நீட்சிகளை மாற்றி எழுத வேண்டியிருந்தது. கட்டுரையைச் சமர்ப்பிக்க வேண்டிய வாரத்தில் புதிய பதிப்பு வந்திருப்பதாகச் சொன்னால், சமர்ப்பித்த பிறகு ஏற்றுங்கள்.