சேலை அருமை, டேப்லெட்டில் படம்தான் சரியில்லை

மதுரை விளக்குத்தூண் பக்கம் இருக்கும் ஒரு ஜவுளிக்கடையின் ஆப் இது. போனில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சட்டென்று திறக்கிறது, விலையும் கடை விலைதான். ஆனால் அதையே 10 அங்குல டேப்லெட்டில் திறந்தால் எல்லாப் படமும் மங்கல். சுங்குடிச் சேலையில் நாம் பார்ப்பதே அந்தப் புள்ளிகளைத்தானே. முடிச்சுப் போட்ட இடம் சாயம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது, கையால் கட்டியதா அச்சடித்ததா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும். இங்கே பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளியும் சாயமும் கலந்து வெறும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

போனுக்கு வைத்த சின்னப் படத்தையே டேப்லெட்டிலும் இழுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும். ஆண்ட்ராய்டில் திரையின் பிக்சல் அடர்த்திக்கு ஏற்ப 1, 1.5, 2, 3, 4 மடங்கு அளவில் படம் வைக்கலாம், 600 டிபி (dp, ஆண்ட்ராய்டில் திரை அளவைச் சொல்லும் அலகு) முதல் உள்ள பெரிய திரைக்குத் தனி ஃபோல்டரே வைக்கலாம். அது ஆப்புக்குள்ளேயே இருக்கும் படங்களுக்கு. சேலைப் படங்கள் சர்வரிலிருந்து வருபவை, அதனால் திரை அகலத்தைச் சொல்லி அதற்கேற்ற படத்தை ஆப்தான் கேட்டு வாங்கணும். அதுக்காக எல்லாருக்கும் பெரிய படத்தையே அனுப்பிடாதீங்க! 4000க்கு 3000 பிக்சல் படம் ஒன்று மெமரியில் விரிந்தால் சுமார் 48 எம்பி பிடிக்கும், பழைய போன் தாங்காது.

இப்போதைக்கு 3 ஸ்டார். போனில் தாராளமாக வாங்கலாம், டேப்லெட் வைத்திருப்பவர்கள் கடைக்கே போய்ப் பார்த்து எடுங்கள்.