ஓடூவில் பொருட்களை மறைப்பது: நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால்…

மொத்த விற்பனை ஆட்கள் கண்ணில் சில்லறைப் பொருள் படக்கூடாது என்பவர்களுக்கு, ஓடூ என்ற வணிக நிர்வாக மென்பொருளில் இருக்கும் ரெக்கார்ட் ரூல்ஸ் (யார் எந்தப் பதிவைப் பார்க்கலாம் என்று சொல்லும் விதிகள்) உண்மையிலேயே அருமையான வசதி. இலவச கம்யூனிட்டி பதிப்பிலேயே கிடைக்கிறது. டெவலப்பர் மோடைப் போட்டால்தான் செட்டிங்ஸில் இந்த விதிகளை எழுதும் டெக்னிக்கல் மெனு வரும், புதிதாக வருபவர்கள் முதலில் திணறுவது இங்கேதான்.

அப்புறம் குழுக் கணக்கு, அதாவது பயனர்களைச் சேர்த்து வைக்கும் குழுக்கள். எந்தக் குழுவும் குறிக்காமல் விதி போட்டால் அது எல்லோருக்கும் கட்டாயம், மற்ற விதிகளோடு சேர்ந்து இன்னும் இறுக்கும். குழுவுக்கென்று போட்ட விதிகள் அப்படியில்லை. ஒருவர் இரண்டு குழுவில் இருந்தால் இரண்டில் எது அனுமதித்தாலும் பொருள் தெரிந்துவிடும். மறைத்தது எப்படித் தெரிகிறது என்று தேடுபவர்கள் முதலில் அந்த ஆள் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்று பாருங்கள். பொருளின் வார்ப்புருவுக்கு (டெம்ப்ளேட்) விதி எழுதினால், அதன் நிறம், அளவு போன்ற வகைகளான வேரியன்ட்டுக்கும் அது சேர்த்தே பொருந்தும்.

எனக்குப் பிடிக்காத விஷயம், பழைய ஆர்டரில் இப்போது மறைத்த பொருள் இருந்தால் அந்த ஆர்டரைத் திறக்கும்போதே அனுமதி இல்லை என்ற பிழை வந்து நிற்கலாம். விற்பனையாளர் பாவம், வாடிக்கையாளரை போனில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதனால் படிக்கும் உரிமையைப் பறிக்கும் முன் நடப்பு ஆர்டர்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கம்பெனி வாரியாகப் பிரித்தால் போதும் என்றால் இதெல்லாம் வேண்டாம், பொருளில் கம்பெனியைக் குறித்தாலே சரி. சோதிக்கும்போது சாதாரண விற்பனையாளர் லாகினில் பாருங்கள், எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசருக்கு எந்த விதியும் பொருந்தாது.