ரேடான் சோதனை: இரண்டு நாள் கரியா, மூன்று மாத வில்லையா, டிஜிட்டல் மானியா?

கனடாவில் ஏற்படும் நுரையீரல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்கு ரேடான் வாயு காரணம் என அந்நாட்டுச் சுகாதாரத் துறை மதிப்பிட்டுள்ளது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதையும்போது உண்டாகும் இந்த வாயு, பேஸ்மென்ட் தளத்தின் வெடிப்புகள், வடிகால் குழிகள், குழாய்கள் நுழையும் இடைவெளிகள் ஆகியவற்றின் வழியாக வீட்டுக்குள் ஏறிவிடுகிறது. நிறமும் மணமும் இல்லாததால் அளந்து பார்த்தால்தான் தெரியும். கனடாவுக்கு வந்த புதிதில் ரொறன்ரோவிலும் சுற்றுப்புறங்களிலும் பேஸ்மென்ட் வீடுகளில் வாடகைக்குக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இன்றும் பலர் அப்படித்தான் வாழ்கிறார்கள். ஆகவே, எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி நமக்கு நெருக்கமானது.

முதலாவது, கரிப் பொதி. தண்ணீர் வடிகட்டிகளில் இருக்கும் அதே ஆக்டிவேட்டட் கார்பன் அடைத்த சிறு டப்பாவை இரண்டு முதல் ஏழு நாள்கள் வரை திறந்து வைத்து, பின்னர் மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மலிவானது, முடிவும் விரைவில் வரும். ஆனால் ரேடானின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்துபோக எடுக்கும் காலம், 3.8 நாள்கள் மட்டுமே. அஞ்சலில் இரண்டு வாரம் தாமதமானால், கரியில் பிடிபட்டதில் பத்தில் ஒரு பங்குகூட எஞ்சியிருக்காது. ஈரப்பதம் மிகுந்த அறையில் கரி நீராவியையும் சேர்த்து உறிஞ்சுவதால் அளவீடு பிழைபடலாம். இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: ஒரே வீட்டில் ரேடான் அளவு நாளுக்கு நாள் பெரிதும் மாறும். காற்றழுத்தம், மழை, திறந்த ஜன்னல் எல்லாமே அதை ஏற்றி இறக்கும் நிலையில், இரண்டு நாள் அளவை வைத்து ஆண்டு முழுவதும் சுவாசிக்கும் காற்றை எடைபோட முடியாது.

இரண்டாவது, ஆல்ஃபா தட வில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தப் பிளாஸ்டிக் உறைக்குள், மூக்குக் கண்ணாடி வில்லைகளுக்குப் பயன்படும் சிஆர்-39 என்ற பிளாஸ்டிக்கின் சிறு துண்டு இருக்கும். ரேடானும் அதன் சிதைவுப் பொருள்களும் வெளிவிடும் ஆல்ஃபா துகள்கள் அதில் மோதும்போது கண்ணுக்குத் தெரியாத வடுக்கள் விழுகின்றன. ஆய்வகத்தில் காரக் கரைசலில் ஊறவைத்தால் வடுக்கள் குழிகளாக விரிய, நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். மின்சாரம் வேண்டாம், ஈரப்பதம் இதைப் பெரிதாகப் பாதிக்காது, பதிந்த வடு அஞ்சல் தாமதத்தால் அழிவதும் இல்லை. மூன்று மாதங்களுக்கு ஒரே ஒரு சராசரி எண்தான் கிடைக்கும். எந்த நாளில் ஏறியது, எப்போது இறங்கியது என்பதை இது சொல்லாது. என் பார்வையில் அது பெரிய இழப்பு அல்ல, ஏனெனில் நுரையீரலுக்கு ஏற்படும் ஆபத்து நீண்டகாலச் சராசரியைப் பொறுத்தே அமைகிறது.

டிஜிட்டல் மானிகள் இவ்விரண்டையும்விட விலை கூடியவை. ஆனால் பல ஆண்டுகளுக்கு உழைக்கும், சில பொது நூலகங்களில் இரவலாகவும் கிடைக்கும். நாள், வாரம், நீண்டகாலம் என மூன்று சராசரிகளையும் திரையில் காட்டுவதே இவற்றின் பலம். பதற்றத்துக்கு இடம் கொடுப்பதும் அதுவே. ஒரு குளிர்கால இரவில் எண் கன மீட்டருக்கு 300 பெக்கரலைத் (நொடிக்கு ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் கதிரியக்க அலகு) தொட்டதைக் கண்டு அஞ்சுவதும், மறுவாரம் 60 ஆனதும் நிம்மதியடைந்து கருவியை அலமாரியில் வைத்துவிடுவதும் ஒரே அளவு தவறு. இதை வாங்குபவர் மூன்று மாதச் சராசரி சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

எவ்வளவு காலம் அளப்பது என்பதில் நாடுகளே வேறுபடுகின்றன. வீடு கைமாறும்போது விரைவாக முடிவு தேவைப்படும் அமெரிக்காவில், குறுகியகாலச் சோதனை வழக்கமாக முதலில் செய்யப்படுகிறது. அங்கே நடவடிக்கை அளவு, அதாவது வாயுவைக் குறைக்க வேண்டிய எல்லை, லிட்டருக்கு 4 பிக்கோகியூரி என்று அந்நாட்டு அலகில் சொல்லப்படுகிறது; அது கன மீட்டருக்கு 148 பெக்கரல். கனடா குறைந்தது மூன்று மாதச் சோதனையைப் பரிந்துரைக்கிறது. முன்பு 800 பெக்கரலாக இருந்த அதன் வழிகாட்டு அளவு 2007இல் 200 ஆகக் குறைக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் 100 பெக்கரலையே முன்வைத்தது. பிரிட்டனிலும் மூன்று மாத முறைதான்: வரவேற்பறைக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என இரண்டு வில்லைகளை அனுப்புகிறார்கள்.

எனவே முதன்முறை அளப்பவருக்கு நான் ஆல்ஃபா தட வில்லையையே பரிந்துரைப்பேன். வீட்டைச் சூடாக்கும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் வைப்பது நல்லது. சூடான காற்று மேலெழும்போது கீழ்த்தளத்தில் அழுத்தம் குறைந்து, மண்ணிலுள்ள வாயுவை உள்ளே இழுக்கும். சமையலறையையும் குளியலறையையும் தவிர்த்து, நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆள் புழங்கும் மிகக் கீழான தளத்தில், மூச்சுவிடும் உயரத்தில் வைக்க வேண்டும். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் மேல்மாடியில் அளந்துவிட்டு நிம்மதியடைந்தால், கீழே உறங்கும் குழந்தைகளின் காற்றைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது.

கரிப் பொதியையும் டிஜிட்டல் மானியையும் நான் ஒதுக்கவில்லை. அளவு 200ஐத் தாண்டி, தளத்தின் அடியிலிருந்து வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் குழாயும் விசிறியும் பொருத்திய பின், அவை வேலை செய்கின்றனவா என்று சில நாள்களில் அறிய இவையே ஏற்றவை. அதன் பிறகு, அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்தில் மீண்டும் ஒரு வில்லையை மூன்று மாதம் வைக்க வேண்டும்.