ஃபுல் வர்ஜீனியா ஃப்ளேக்: திறந்ததும் தீர்ப்புச் சொல்லக் கூடாத டின்

சாமுவேல் காவித்தின் ஃபுல் வர்ஜீனியா ஃப்ளேக் என்ற பைப் புகையிலை டின்னைத் திறந்ததும் முதலில் கைக்குத் தட்டுப்படுவது ஈரம். அடர்பழுப்பு நிறத்தில் நீளநீளமான பட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒன்றை உரித்து எடுத்தால் நனைந்த தோல்வார் மாதிரி தொய்ந்து விழும். அதை அப்படியே பைப்பில் திணித்துப் பற்றவைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தீக்குச்சி தீரும், தண்டில் தண்ணீர் களகளக்கும், நாக்கு பொத்துப்போகும், ருசி மட்டும் தெரியாது. அதற்குப் பிறகு டின்னை ஓரங்கட்டிவிட்டு, இதைப் புகழ்ந்தவர்களைத் திட்டிக்கொண்டிருக்கலாம்.

தப்பு புகையிலையில் இல்லை. இது உலர்த்திப் புகைக்க வேண்டிய சரக்கு. இன்னும் சொன்னால், வைத்திருந்து புகைக்க வேண்டிய சரக்கு.

சாமுவேல் காவித் என்பது இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் 1792 முதல் இருந்துவரும் பெயர், மூக்குப்பொடிக்கும் பேர்போனது. ஃப்ளேக்கின் பெயரிலேயே உள்ளபடி இது முழுக்க வர்ஜீனியா இலை. புளிக்கவைத்த பெரீக், புகையூட்டிய லட்டாக்கியா, காற்றில் உலர்த்திய பர்லி என்ற மற்ற புகையிலை வகைகள் எதுவும் கலப்பதில்லை. வர்ஜீனியாவை மூடிய கொட்டகையில், புகை படாமல், குழாய் வழியே வரும் வெப்பத்தில் பதப்படுத்துவார்கள். அதனால் இலையிலுள்ள சர்க்கரை இலையிலேயே தங்கிவிடும். அந்த இலையை அடுக்கி, சூட்டோடு அழுத்திக் கட்டியாக்கி, பிறகு பட்டைகளாக அரிகிறார்கள். மஞ்சளும் செம்மையுமாக இருக்கவேண்டிய இலை இதில் கறுத்துக் கிடப்பது அந்தச் சூட்டாலும் அழுத்தத்தாலும்தான்.

உலர்த்துவதில் கைக்கணக்கு போதும் என்பார்கள். முதல் டின்னுக்குப் போதாது. ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் சந்தேகமே வராது. பைப் புகையிலை நன்றாக எரிவது ஈரம் 12 முதல் 14 விழுக்காடு இருக்கும்போது. டின்னிலிருந்து எடுக்கும்போது 20 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 10 கிராமில் 2 கிராம் தண்ணீர். அதை 13 விழுக்காட்டுக்குக் கொண்டுவர எடை 9.2 கிராமாக இறங்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. பட்டைகளைப் பிரித்து ஒரு காகிதத்தில் பரப்பி, வெயிலும் மின்விசிறிக் காற்றும் படாத இடத்தில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் போதும். வறண்ட காற்றில் ஒரு மணி நேரத்தில் ஆகிவிடும். ஈரக்காற்றில் ஒரு ராத்திரி முழுக்க வைத்தாலும் ஆகாமல் போகலாம். இரண்டு மூன்று தடவை நிறுத்துப் பழகினால் பிறகு விரலே சொல்லிவிடும். பட்டையை வளைத்தால் மேல்பக்கம் லேசாக வெடிக்க வேண்டும், உடைந்து விழக் கூடாது. உதிர்த்த இலையை விரலிடுக்கில் நசுக்கிவிட்டால் உருண்டையாக நிற்காமல் மெல்ல விரிய வேண்டும். சருகு மாதிரி நொறுங்கினால் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்டது வேகமாக எரிந்து சூடேறும், இனிப்பு போய்விடும்.

பைப்பை நிரப்ப இரண்டு வழி. முழுப்பட்டையை நெடுக்கில் ஒருமுறை, குறுக்கில் ஒருமுறை மடித்து, லேசாக முறுக்கிச் செருகுவது ஒன்று. மேலே வைக்க மட்டும் கொஞ்சம் உதிர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நெருப்புப் பிடிக்காது. இப்படிச் செருகினால் மெதுவாக, குளிர்ச்சியாக எரியும்; ஆனால் பாதியில் அணைந்துகொண்டே இருக்கும். இன்னொன்று, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முழுக்க உதிர்த்துக்கொள்வது. புதிதாக இந்தச் சரக்குக்கு வருகிறவர்கள் உதிர்த்துப் புகைப்பதே மேல். அடியில் தளர்வாக, நடுவில் கொஞ்சம் இறுக்கமாக, மேலே இன்னும் இறுக்கமாக மூன்று தடவையாக நிரப்பி, பற்றவைக்கும் முன் சும்மா இழுத்துப் பார்க்க வேண்டும். ஸ்ட்ராவில் காற்றை இழுக்கிற அளவுக்கு லேசான தடை இருந்தால் சரி. அதற்கு மேல் தடை இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவதுதான் வழி. எரிகிற பைப்பைக் கம்பியால் குத்திச் சரிசெய்வது அரைகுறை வைத்தியம். முதல் தீ மேல்பரப்பைக் கருக்கி எழும்ப வைக்கும். டேம்பர் என்ற அழுத்துகோலால் மெல்ல அழுத்திவிட்டு இரண்டாம் தீ வைத்தால்தான் உண்மையில் பற்றும்.

எந்தப் பைப்பில் சோதிப்பது என்பதும் முக்கியம். முந்தைய வாரம் லட்டாக்கியா எரிந்த பிரையர் மரப் பைப்பில் இதைப் போட்டால் லட்டாக்கியாவின் கரிவாசம்தான் வரும். பிரையர் எதையும் லேசில் மறக்காது. களிமண் பைப் அல்லது மக்காச்சோளக் கட்டை பைப் நடுநிலையானது. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் வாஷிங்டன் ஊரில் 1869 முதல் செய்துவரும் மிசூரி மியர்ஷாம் சோளக்கட்டை பைப்பே போதும். சோதனைக்கு என்று ஒன்றை ஒதுக்கிவைப்பது நல்ல பழக்கம். கிண்ணத்தின் உள்விட்டம் 18, 19 மில்லிமீட்டர் இருந்தால் ஃப்ளேக்குக்குத் தோதாக இருக்கும்.

இனி ருசி. ஒழுங்காக உலர்த்தி, அவசரப்படாமல் இழுத்தால் முதல் மூன்றில் ஒரு பங்கு வைக்கோல் வாசத்தோடும் சுட்ட ரொட்டி மேல்தோலின் வாசத்தோடும் தொடங்கும். நடுப்பகுதியில்தான் இந்த ஃப்ளேக் தன் முகத்தைக் காட்டுகிறது. உலர் அத்தி, வேகவைத்த பழம், அடியில் ஒரு மண்வாசம். இனிப்பு உண்டு, ஆனால் பூசிய இனிப்பு இல்லை, இலையின் இனிப்பு. கடைசிப் பகுதியில் மிளகுக் காரம் மாதிரி ஒன்று மெல்லத் தலைகாட்டும். வலிமை நடுத்தரம், என்றாலும் வெறும் வயிற்றில் வேண்டாம், தலை சுற்றும். குறை என்றால் இரண்டு. ஒன்று, டின் புதிதாக இருக்கும்போது ருசிகள் தனித்தனியே வந்துபோகும், ஒன்றாகக் கூடுவதில்லை. இரண்டு, வேகமாக இழுப்பவர்களை இது மன்னிக்காது. சர்க்கரை மிகுந்த இலையும் ஈரமும் சூடும் சேர்ந்தால் நாக்குதான் பலி. நிமிடத்துக்கு இரண்டு மூன்று மெல்லிய இழுப்பு, அணைந்தால் அணையட்டும் என்ற பொறுமை. அது இல்லாதவர்களுக்கு இந்த டின்னைப் பரிந்துரைக்க முடியாது.

ஒரே பைப்போடு முடிவெடுக்க வேண்டாம். குறைந்தது ஐந்து தடவை, இரண்டு வேறு ஈரநிலையில், இரண்டு வேறு பைப்பில் புகைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிடித்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்றால் வைத்திருந்து பழசாக்கினால் பிடிக்கும் என்று நம்பி வாங்கிக் குவிப்பது வீண். காலம் கூர்முனைகளை மழுக்கும். பிடிக்காத ருசியைப் பிடித்த ருசியாக மாற்றாது.

பிடித்துவிட்டது என்றால் எவ்வளவு வாங்குவது? ஒரு பைப்புக்கு 2 முதல் 3 கிராம் போகும். வாரத்துக்கு இரண்டு பைப் இந்த ஃப்ளேக் என்றால் 5 கிராம், வருடத்துக்கு 260 கிராம். 50 கிராம் டின்னில் ஐந்தைக் கொஞ்சம் தாண்டும். ஐந்து வருடம் பழசான சரக்கே எப்போதும் கையில் இருக்க வேண்டுமானால் ஐந்து வருடமும் வருடத்துக்கு 260 கிராம் உள்ளே போக வேண்டும், மொத்தம் 1300 கிராம். இந்தத் தொகை பலரை மலைக்க வைக்கும். உண்மையில் யாரும் ஒரே கலவையை மட்டும் புகைப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே தாராளம். புகையை உள்ளிழுக்காமல் வாயோடு நிறுத்தினாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் உண்டு என்பதால், கையிருப்பு கூடியதே என்று புகைக்கும் அளவையும் கூட்டுவது முட்டாள்தனம்.

சேர்த்துவைப்பதற்கு ருசி தவிர இன்னொரு நியாயமும் உண்டு: சரக்கு நின்றுபோகும். கன்சாஸ் சிட்டியின் மெக்லெலண்ட் நிறுவனம் 2018இல் கடையை மூடியது. அதே வருடம் டன்ஹில் பெயரில் வந்த பைப் புகையிலைகள் நின்றன. பல கலவைகள் 2019இல் பீட்டர்சன் பெயரில் திரும்ப வந்தன. பிடித்த சரக்கில் சில ஜாடி ஒதுக்கிவைத்திருந்தவர்கள் பதறவில்லை. ஆனால் செய்தி வந்தபின் அடித்துப்பிடித்து வாங்குவது சேமிப்பு ஆகாது, பீதி.

டின்னிலேயே விட்டுவிடலாமா என்று கேட்டால், இரண்டு மூன்று வருடத்துக்கு விடலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம். எந்த நிறுவனத்தினுடையதானாலும் செவ்வக டின்களின் மூலைகளில் அடைப்பு சரியாக உட்காருவதில்லை. வட்ட டின்கள் பரவாயில்லை. மூடியை விரலால் அழுத்தினால் டக் டக்கென்று மேலும் கீழும் போனால் வெற்றிடம் போய்விட்டது. ஈரமான சரக்கு உள்ளிருந்து துருப்பிடிக்கவும் வைக்கும், ஊசிமுனை அளவு ஓட்டை போதும், சில மாதத்தில் உள்ளே சருகுதான். நேர்மாறாக, மூடி லேசாக உப்பியிருந்தால் கலங்க வேண்டாம். உள்ளே நொதித்தல் நடந்து வாயு சேர்ந்திருக்கிறது. மொத்தமாக 250 கிராம் வாங்கினால் அதன் பையில் ஒரு வாரம்கூட விடக் கூடாது. சாதாரண ஜிப் பை ஈரத்தையும் வாசத்தையும் கசியவிடும், பக்கத்துப் பையின் வாசத்தை உள்ளேயும் விடும்.

கண்ணாடி ஜாடிதான் சரி. ரப்பர் விளிம்புள்ள தட்டும் தனி வளையமும் கொண்ட மேசன் ஜாடி போதும். அழுத்தி அடுக்கினால் 120 மில்லி ஜாடியில் 50 கிராம் ஃப்ளேக் அடங்கும், 240 மில்லியில் 100 கிராம். சின்ன ஜாடிகளே நல்லது. அரைக் கிலோ ஜாடி ஒன்றைத் திறந்தால் அரைக் கிலோவும் காற்றுப் பார்க்கிறது.

ஜாடியைச் சுடுதண்ணீரில் கழுவி, ஒரு ராத்திரி கவிழ்த்து முழுக்கக் காயவைக்க வேண்டும். உள்ளே ஒரு சொட்டு நின்றாலும் அங்கேதான் பூஞ்சை தொடங்கும். விரலில் ஈரம் ஒட்டும் அளவுக்கு நனைந்த பட்டைகளை ஜாடிக்கு முன் ஒரு மணி நேரம் ஆறவிடலாம். ஆனால் புகைக்கிற அளவுக்கு உலர்த்திவிடக் கூடாது, பழசாவதற்கு ஈரம் வேண்டும். விளிம்பைத் துடைத்து, தட்டை வைத்து, வளையத்தைக் கைப்பலத்தில் இறுக்கினால் முடிந்தது. ஜாடியைக் கொதிநீரில் வைத்து வெற்றிடம் உண்டாக்குவது தேவையில்லாத வேலை; இலை வெந்து, நொதிக்கவேண்டிய நுண்ணுயிரும் செத்துப்போகும். உள்ளே ஈரம் ஊட்டும் கல்லோ பழத்துண்டோ போடுவது பூஞ்சைக்கு வைக்கும் அழைப்பு. மூடியில் பெயர், டின் தேதி, ஜாடியில் போட்ட தேதி மூன்றையும் எழுதிவிட வேண்டும். மறக்காது என்று நினைப்பவர்களின் அலமாரியில்தான் பெயரில்லாத ஜாடிகள் அதிகம்.

இருட்டு, 15 முதல் 21 டிகிரி செல்சியஸ், ஏற்ற இறக்கம் இல்லாத இடம். வெயில் பட்டால் கண்ணாடிக்குள் இலை வெளுத்து வெந்துவிடும். சூடு ஏறி ஏறி இறங்கினால் மூடியின் உட்புறம் வியர்க்கும், அந்த வியர்வை சொட்டிய இடத்தில் பூஞ்சை.

முதல் ஆறு மாதத்தில் ருசியின் கூர்முனைகள் மழுங்கும். ஒரு வருடத்துக்குப் பிறகு பழவாசம் கூடும், தனித்தனியே நின்ற ருசிகள் கூடிவரும். ஐந்தாம் வருடத்துக்குள் நிறம் இன்னும் கறுத்து, இனிப்பு ஆழமாகி, நாக்கைக் கடிக்கும் குணம் வெகுவாகக் குறையும். ஆரம்பத்தில் ஜாடிக்குள் இருக்கும் கொஞ்சம் காற்றில் நுண்ணுயிர்கள் வேலை செய்யும். அது தீர்ந்தபின் இலையின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மெதுவாக வினைபுரிந்துகொண்டே இருக்கும். இடையில் திறந்து மோந்து பார்ப்பது அந்த வேலையைக் கலைப்பதுதான். ஆக்கப் பொறுத்தவர்கள் இங்கே ஆறவும் பொறுக்க வேண்டும்.

சில வருடம் கழித்துப் பட்டைமேல் வெண்மையாக எதையாவது பார்த்ததும் குப்பையில் கொட்டிவிட வேண்டாம். உருப்பெருக்கியில் பார்த்தால் உப்புத்தூள் மாதிரி மின்னும் கூர்மையான படிகங்கள் என்றால் அது பழசானதன் அடையாளம். பஞ்சு மாதிரி, நூல்நூலாக, சாம்பலோ பச்சையோ கலந்து, திறந்ததும் ஈரச்சுவர் நாற்றம் வந்தால் பூஞ்சை. அப்போது முழு ஜாடியையும் கொட்டிவிட வேண்டும், மேலாக மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது.

இதே மரியாதையை எல்லாக் கலவைக்கும் செய்ய வேண்டியதில்லை. வர்ஜீனியாவும் பெரீக்கும் சேர்ந்தவை நன்றாகப் பழசாகும். பர்லியில் சர்க்கரை மிகக் குறைவு, அதனால் மாற்றமும் குறைவு. லட்டாக்கியா மிகுந்த கலவைகளில் வருடம் ஆக ஆக அந்தப் புகைவாசமே மங்கும். சிலருக்கு அது பிடிக்கும், பலருக்கு ஏமாற்றம். வாசனை பூசிய அரோமேடிக் வகைகளை ஜாடியில் வைப்பது கெடாமல் காக்கத்தான்.

பழசான ஜாடியைத் திறந்ததும் முதலில் வருவது வினிகர் போன்ற ஒரு நெடி. திறந்தபடி சிறிது நேரம் வைத்தால் அது போய்விடும். வேண்டிய பட்டைகளை மட்டும் எடுத்து முன்போலவே நிறுத்து உலர்த்தி, மிச்சத்தை உடனே மூடி, அந்த ஜாடியை இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதுவரை அடுத்ததன் மூடியைத் தொட வேண்டாம்.