போகிறவர்களுக்கே கொடுங்கள்: டிஎஸ் கருவியில் ‘ஃபைனல் ஃபேன்டசி 4’

நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காகச் சேர்த்துவைத்த கேம்களில் பலவற்றை ஒரு முறை முடித்ததோடு சரி. ‘ஃபைனல் ஃபேன்டசி 4’ என்ற ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு) மட்டும் வருடங்கள் கடந்தும் என்னை மறுபடி மறுபடி இழுத்துக்கொள்கிறது. மூலம் 1991இல் நின்டெண்டோவின் பழைய கருவியான சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்தது. மேட்ரிக்ஸ் சாஃப்ட்வேர் உருவாக்கிய முப்பரிமாண மறு ஆக்கம் 2007 டிசம்பரில் ஜப்பானிலும், 2008இல் மேற்கு நாடுகளிலும் வெளியானது. மூலத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்த தகாஷி தொகிதாவே இதையும் இயக்கினார். அதனால்தானோ என்னவோ, கதையில் அதிகம் கை வைக்காமல் சண்டையில் துணிந்து கை வைத்திருக்கிறார்கள்.

சண்டை கடினம். பழையதை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்தான் முதலில் அடிவாங்குவார்கள். ஆரம்பத்தில் வரும் ஆன்ட்லயன் என்ற அரக்கப் பூச்சியை யோசிக்காமல் வாளால் வெட்டினால், ஒவ்வொரு வெட்டுக்கும் பதிலடி கொடுத்துக் குழுவையே சாய்த்துவிடும். பிற்பாதியில் வரும் டீமன் வால் என்ற சுவர் அரக்கன் மெல்ல நெருங்கி வருவான்; அவன் பக்கத்தில் வருவதற்குள் முடிக்காவிட்டால் கதை முடிந்தது. நாம் மெனுவில் தயங்கும்போதும் எதிரியின் நேரம் ஓடும் முறை மூலத்திலேயே இருந்ததுதான். ஆனால் அங்கே திரையில் காட்டப்படாத நேரப் பட்டை இங்கே கண்ணெதிரே நிரம்புகிறது. பதற்றம் கூடுகிறது, புலம்புவதற்கான நியாயம் குறைகிறது.

இந்த வடிவத்தின் உயிர் ‘ஆக்மென்ட்’ என்ற ஏற்பாடு. ஒரு திறனை ஒருவருக்குக் கொடுத்தால் அது அவருடையது. திரும்ப வாங்க முடியாது. இந்தக் கதையிலோ ஆட்கள் நிலையாக இருப்பதில்லை. இரட்டையர்களான பாலமும் போரமும் நெருங்கி வரும் சுவர்களைத் தடுக்கத் தங்களைக் கல்லாக்கிக்கொள்கிறார்கள். கிழவர் டெல்லா மீட்டியோ மந்திரத்துக்கு உயிரையே கொடுக்கிறார். (முப்பது வருடக் கதை, ரகசியத்தைப் போட்டு உடைத்ததாகக் கோபிக்க வேண்டாம்.) கடைசிவரை வருபவர்களுக்காகத் திறன்களைப் பதுக்கி வைப்பதுதான் எந்த விளையாட்டுக்காரனுக்கும் தோன்றும். உண்மை நேர்மாறானது: பிரிந்து போகிறவர்களுக்குக் கொடுத்து அனுப்பினால், பின்னால் அதிகமான ஆக்மென்ட்கள் நம் கைக்கு வருகின்றன. கஞ்சத்தனத்துக்குத் தண்டனை, தாராளத்துக்கு வட்டி. கதைக்கு இவ்வளவு பொருத்தமான விதியை நான் வேறு ஆர்பிஜியில் பார்த்ததில்லை. ஆனால் விளையாட்டு இதை எங்கேயும் சொல்வதில்லை. தெரியாமல் முடிப்பவர்கள் பாதி விருந்தோடு எழுந்து போகிறார்கள். இது வடிவமைப்பின் குறை என்றே சொல்வேன்.

காட்சிகளில் குரல் சேர்ந்திருப்பது சில இடங்களில் மிகை, சில இடங்களில் வரம். மிஸ்ட் கிராமம் வரம். அரசன் கொடுத்தனுப்பிய மோதிரத்தோடு கதாநாயகன் சீசிலும் அவன் நண்பன் கெயினும் வந்து நிற்க, அதிலிருந்து வெளிப்பட்டவை ஊரையே எரிக்கின்றன; வழியில் தாங்கள் கொன்ற நாகத்தோடு சிறுமி ரிடியாவின் தாயும் மாண்டுபோனது அப்போதுதான் புரிகிறது. முன்பு தலையைத் தொங்கப்போட்ட குட்டிப் பொம்மைகளை வைத்து நாமே ஊகித்த குற்றவுணர்ச்சி, இங்கே சீசிலின் குரலில் கேட்கிறது. மெனுவைத் திறந்தால் குழுவை வழிநடத்துபவரின் அப்போதைய மனவோட்டமும் எழுத்தில் வரும். பலர் கவனிக்காத அழகு அது.

முகங்கள் கரடுமுரடானவைதான். டிஎஸ் திரை 256 x 192 புள்ளிகள். அடுத்து வந்த கருவியான 3டிஎஸ்ஸில் போட்டால் படம் இழுபட்டு மங்கும். விளையாட்டைத் தொடங்கும்போது ஸ்டார்ட் அல்லது செலக்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சொந்த அளவிலேயே, சிறியதாகவும் கூர்மையாகவும் தெரியும். நான் அப்படித்தான் ஆடுகிறேன்.

குகைகளில் நடக்க நடக்க வரைபடம் தானே நிரம்புகிறது, முழுதாக நிரப்பினால் பொருள்கள் பரிசு. சில அடிக்கொரு சண்டை குறுக்கிடுவதை இந்தப் பரிசு ஓரளவு பொறுக்க வைக்கிறது. மூடியை மடித்தால் கருவி உறங்கும், திறந்தால் விட்ட இடத்தில் நிற்கும். சேமிப்பு இடங்கள் அரிதாக இருக்கும் நீண்ட குகைகளில் இது பெரிய உதவி. ரிடியா சண்டையில் வரவழைக்கும் போச்சிகா என்ற உயிரினத்துக்காக எழுத்தாணியால் ஆடும் சிறு விளையாட்டுகள் என்னைக் கவரவில்லை.

முடித்த பிறகு ஆக்மென்ட்களோடு புதிதாகத் தொடங்கலாம். இந்தச் சுற்றில் டெல்லாவுக்குத்தான் முதலில் கொடுக்கப்போகிறேன்.