பிரிக்பீல்ட்ஸ் மாடியில் நடக்கும் இளையோர் உரிமை வகுப்பு: ஒரு தாயின் மதிப்பீடு

மலேசியாவில் 18 வயதில் வாக்குரிமை கொடுத்துவிட்டார்கள். 2019 ஜூலை 16ஆம் தேதி மக்களவையில் 211 பேர் ஆதரித்து நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், 2021 டிசம்பர் 15 முதல் நடப்புக்கும் வந்துவிட்டது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நம் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லித்தர ஆள் வேண்டாமா? அதனால்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் இந்த இலவச வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். என் மகள் அங்கே படிக்கிறாள். பெற்றோரும் பின்வரிசையில் உட்காரலாம் என்பதால் நானும் போகிறேன்.

நடத்துபவர் ஓர் இளம்பெண். பிள்ளைகளுக்கு அவர் அக்கா. மேடையில் முழங்கி இந்த வேலைக்கு வந்தவர் இல்லை. அவர் வளர்ந்த அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அடையாள அட்டை கிடையாது. அவன் தாய்க்கு மலாய் பாரம் நிரப்பத் தெரியாது. ஐந்தாம் படிவம் முடித்த கையோடு இவர்தான் அடையாள அட்டை வழங்கும் பதிவிலாகாவுக்குத் துணைக்குப் போயிருக்கிறார். செய்தி பரவியதும் கீழ்மாடி, மேல்மாடி என்று ஆட்கள் கோப்பும் கையுமாக இவர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாமல் தோழிகளைச் சேர்த்துக்கொண்டார். வகுப்பு பிறந்த கதை இதுதான்.

பாடத்தில் என்னைக் கவர்ந்தது பத்திரங்களை வாசிக்கும் பயிற்சி. தந்தையின் அடையாள அட்டை, திருமணப் பத்திரம், பிறப்புப் பத்திரம் மூன்றின் மாதிரி நகல்களையும் மேசைமேல் பரப்பி, குறையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார். ஒன்றில் தந்தை பெயரில் ஓர் எழுத்து கூடுதல். பதிவிலாகா முகப்பில் கேள்வி வருவதற்கு அது போதும். அடுத்தது திருமணப் பதிவு. கோயிலில் தாலி கட்டியாகிவிட்டதே என்று பதியாமல் விட்ட குடும்பங்கள் நம்மில் ஏராளம். பதியாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பார்த்தே முடிவாகிறது. தாய் வெளிநாட்டவராக இருந்தால், தந்தை இந்நாட்டுக் குடிமகனாக இருந்தும் பிள்ளைக்கு அவர் வழியாகக் குடியுரிமை கிடைப்பதில்லை. இதைக் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மகள் அன்றிரவே எங்கள் திருமணப் பத்திரத்தை அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லி, தாத்தா பெயர் வரைக்கும் விரல் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள்.

ஒரு வாரம் பாடம் புடுவில் நடந்தது. பழைய சிறைச்சாலையை இடித்துவிட்டார்கள்; பேரங்காடியின் பக்கத்தில் அதன் நுழைவாயில் மட்டும் நிற்கிறது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே 4ஆம் தேதி இங்கேதான் தூக்கிலிடப்பட்டார் என்று அந்தப் பெண் சொன்னபோது, கையில் பானத்தோடு வந்த பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். இவ்வளவு காலம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு யாரும் அந்த வாயிலைக் காட்டியதில்லை.

குறைகளும் உண்டு. கடைகளில் பகுதிநேர வேலை செய்யும் பையன்கள் சனிக்கிழமை காலையில் வர முடிவதில்லை. இந்த வகுப்பு மிகவும் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். இரவு வகுப்பு ஒன்று கட்டாயம் தொடங்க வேண்டும். விளக்கம் தமிழில் இருந்தாலும் குறிப்புத் தாள்கள் மலாயில்தான் கிடைக்கின்றன. வீட்டிலிருக்கும் பாட்டிமார் அதை எப்படிப் படிப்பார்கள்? மொழிபெயர்த்துத் தருவதாகச் சொல்லி ஒரு கட்டு வாங்கி வந்திருக்கிறேன். அறையும் சிறியது, பிந்திப் போனால் படிக்கட்டில்தான் இடம்.

போகிறவர்கள் மோனோரயிலில் போய்விடுங்கள், கார் நிறுத்த இடம் கிடைக்காது. பிள்ளையின் பிறப்புப் பத்திர நகலையும் உங்கள் திருமணப் பத்திர நகலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணே உட்கார்ந்து பார்த்துத் தருகிறார்.